அப்பாவின் நாடி

அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்று மகளிடம் மனோன்மணி சொன்னது பொய்யல்ல. உள்ளறையில் தணிகாசலம் மல்லாந்து படுத்து, வலது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் அன்றாடம் உறங்கும் உறக்கத்தை உறங்கிக்கொண்டிருந்தார். மூச்சு ஏறுவதும் இறங்குவதும் கைதேர்ந்த கொத்தனார் வைத்த செங்கல் வரிசையைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக இருந்தது. பொய் அந்த வாக்கியத்தில் இல்லை, அவளுடைய இடது மணிக்கட்டில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து யாமினி தன் அப்பாவுக்கென்று அனுப்பிய அந்தக் கறுப்புப் பட்டைக் கைக்கடிகாரம் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை; வந்த நாளிலிருந்து அதைக் கட்டிக்கொண்டிருப்பவள் மனோன்மணி. யாமினிக்கு அது தெரியாது. "அம்மா, அப்பா எங்க?" என்றுதான் சற்றுமுன் அவள் பேச்சையே தொடங்கினாள். தூங்குகிறார் என்றதும், "தூங்கும்போதா இப்படி? வாட்ச்லேருந்து எனக்குச் செய்தி வந்திருக்கும்மா. துடிப்பு ஒழுங்கா இல்லயாம். ஒரு தடவை இல்ல, காலையிலேருந்து திரும்பத் திரும்ப வருது. அப்பா மூஞ்சி எப்படி இருக்கு? வேர்த்திருக்கா?" என்றாள். மனோன்மணி கதவருகே போய் எட்டிப்பார்த்து, "வேர்க்கலடி. கொறட்டை விட்டுத் தூங்குறார். அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். "போன வருஷமும் நீ இப்படித்தான் வாயுன்னு சொன்ன. அப்புறம் ஸ்டென்ட் வெச்சாங்களா இல்லயா? சரி, இப்ப எழுப்பாத. நாலு மணிக்குக் காப்பிக்கு எழுந்திரிப்பார்ல, அப்ப உக்கார வெச்சு, வாட்ச் பக்கத்துல இருக்க பித்தான்ல விரலை வெக்கச் சொல்லு, அரை நிமிஷம். ஈசிஜி கோடு எனக்கு வந்துடும். அதுவும் இதே மாதிரி இருந்தா நான் ராத்திரி ஃப்ளைட்ல கெளம்பி வந்துடுவேன்." "உன்னைப் படுக்கையை விட்டே அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கடி." "தெரியும்மா. எனக்கு அப்பா வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையின்மேல் கவிழ்த்து வைத்தாள் மனோன்மணி, கவிழ்த்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது என்பதைப் போல. மாடியில் குடியிருப்பவர்கள் கிரைண்டரை ஓடவிட்டிருந்தார்கள். அதன் உறுமல் சுவர் வழியே இறங்கித் தரைக்கு வந்து உள்ளங்காலில் ஏறியது. எது கிரைண்டர், எது தன் உடம்பு என்று ஒரு கணம் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கையைத் திருப்பியதும் கடிகாரத்தின் முகம் தானாக விழித்துக்கொண்டது. இதுதான் முதல் நாளிலிருந்து அவளுக்குக் கூச்சம் தந்த விஷயம். பார்க்கப்போகிறோம் என்பதை அது முன்கூட்டியே தெரிந்துகொள்கிறது. அடியில், தோலைத் தொடுமிடத்தில், பச்சை ஒளி ஒன்று விட்டுவிட்டு எரியும். குளிக்கப் போகும்போது கழற்றினால் ஒளி வெறும் காற்றில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு அணையும். யாரையோ கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் வாயை மூடிக்கொள்வதைப் போல. தோசைக்கு மாவு கரைத்தபோது கை சுற்றியதையெல்லாம் நடை என்று எண்ணிக்கொண்டு பாராட்டியது. உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் எழுந்து நிற்கச் சொன்னது. எழுந்து நிற்காத பொழுது என்று ஒன்று தனக்கு உண்டென்பதையே அது சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். சப்பாத்தி மாவை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் மணிக்கட்டில் குறுகுறுவென்று அதிர்ந்து, கீழே விழுந்துவிட்டீர்களா என்று கேட்டது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த இத்தனை காலத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. மாவு ஒட்டிய விரலால் இல்லை என்பதைத் தேடித் தொட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள் வெட்கமல்லாத வேறொன்றும் இருந்தது.

கட்டிக்கொள்ளச் சொன்னவர் தணிகாசலம்தான். யாமினியின் தோழி ஒருத்தி திருச்சிக்கு விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து, அவர் வீட்டில் இல்லாத வேளையாகப் போனதால், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்த அவருடைய கைப்பேசியோடு அதை இணைத்து, பெயர், வயது, எடை எல்லாம் யாமினி சொல்லச் சொல்ல ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், யாரும் தன்னைக் கேட்காமல் தன்னை அளந்துவிட்டார்கள் என்ற எரிச்சலோடு பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்ன இது, மாட்டுக் கழுத்துல கட்டற மணியா? நான் எங்க மேயறேன்னு அவ அங்கேருந்து பாக்கணுமாக்கும்?" என்றார். "ஆசையா அனுப்பியிருக்கா." "ஆசை இருந்திருந்தா ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்திருக்கணும்." ஆறு வருஷத்துக்கு முன்பு யாமினி எட்வினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்; அவர் போகவில்லை, மனோன்மணியையும் போகவிடவில்லை, அதன்பின் மகளோடு பேசவும் இல்லை. பெட்டியை ஒற்றை விரலால் மேசையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளினார். "நீ வேணா கட்டிக்கோ. அவளுக்கு என்ன தெரியப்போவுது. நாடி நாடிதானே." சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நாடி நாடிதானே. அன்றிரவு இடது கை வளையலைக் கழற்றிக் கண்ணாடி அலமாரியில் சின்னக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டாள். வளையல் கழன்ற இடத்தில் வெளுத்துப்போயிருந்த வட்டத்தின்மேல் பட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் யாமினி படம் கேட்டாள். அப்பா கையில் பார்க்க வேண்டுமாம். மதியம் அவர் அயர்ந்து தூங்கும்போது மெல்ல அவர் கையில் கட்டி, நரைத்த முடியும் புடைத்த நரம்பும் தெரிய ஒரு படம் எடுத்து, திரும்பக் கழற்றித் தான் கட்டிக்கொண்டாள். அவர் அசையவே இல்லை. அந்தப் படத்தைத்தான் யாமினி தன் கைப்பேசியைத் திறந்ததும் தெரிகிற படமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா நான் குடுத்ததைக் கட்டிக்கிட்டார்மா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, உதிரம் பட்டிருக்கிறது, கொஞ்சநாள் அசையாமல் கிடந்தால் மேலே ஏறிவிடும், ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குத் தாராளமாகப் போகலாம் என்று சொல்லி அவளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். எட்வின் வேலைக்குப் போய்விட்டால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? அப்பாவின் நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

யாருடைய நாடியை? நினைவு இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் முள்ளில் முந்தானை மாட்டியதைப் போல நின்றுவிடுகிறது. இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. இரண்டு வாரமாக அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்தது இந்த நெஞ்சை. காலையில் எழுந்ததும் அவள் கேட்டது இந்த நெஞ்சைப் பற்றி. "அப்பா நேத்து எவ்வளவு நடந்திருக்கார் தெரியுமாம்மா! சொன்னபடி வாக்கிங் போறார் போல" என்று பூரித்தாளே, அந்த நடையெல்லாம் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும், கிணற்றடிக்கும் கொடிக்கும் இடையில் மனோன்மணி நடந்தது. "அப்பா ஏம்மா ராத்திரியெல்லாம் முழிச்சு முழிச்சுப் படுக்கறார்? மனசுல ஏதாவது வெச்சுக்கிட்டிருக்காரா? பக்குவமாக் கேளும்மா" என்றாளே, அந்த விழிப்பும் இவளுடையது. கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு, மனசில் என்ன இருக்கிறது என்று உண்மையாகவே ஒருமுறை தன்னைக் கேட்டுப் பார்த்தாள்; பதில் சொல்லிப் பழக்கமில்லாத குழந்தையைப் போல உள்ளே ஏதோ தலையைக் குனிந்துகொண்டது. வேறொருத்தர் பெயரில் வந்த பரிவுதான். வேறொருத்தர் வீட்டு விலாசத்துக்கு வந்த பலகாரத்தைப் பிரித்துத் தின்பதைப் போலத்தான். ஆனாலும் தின்றாள். இரவில் விழிப்பு வரும்போது, இருட்டில் பச்சை ஒளி தோலை நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒரு பெண் கடலுக்கு அப்பால் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துத் தூங்கினாள். அவரும் தின்றார், அவர் பங்கை. போன ஞாயிற்றுக்கிழமை யாமினி நேராக அவரிடமே பேச வேண்டுமென்று அடம்பிடித்தாள். கைப்பேசியை அவர் காதருகே மனோன்மணிதான் பிடித்துக்கொண்டு நின்றாள். "கட்டிக்கிட்டதுக்கு ரொம்பத் தேங்க்ஸ்ப்பா." செய்தித்தாளை நாலாக மடித்து முழங்காலில் வைத்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று இவள் கைப்பேசியின் வாயை விரலால் மூடப் பார்த்தாள். "ம். கனமா இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "டாக்டர் சொல்றபடி படுத்துக் கெட" என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டை எடுத்துக் கொடுத்தபோது அவர் கண்கள் சிவந்திருந்ததை இவள் பார்த்ததாக அவர் நினைக்கவில்லை.

ஒழுங்கா இல்லயாம். அந்தச் சொல்தான். அரிசியைக் களைந்தால் கடைசி நீர் தெளியும்வரை களைகிறவள், மடித்த புடவையின் ஓரம் அரை விரல் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிக்கிறவள், அவளுடைய நெஞ்சு ஒழுங்காக இல்லை. தெரியாத செய்தி என்று சொல்ல முடியாது. கார்த்திகையிலிருந்தே படியிறங்கும்போது இல்லாத ஒரு படியில் கால் வைத்ததைப் போல நெஞ்சுக்குள் ஒரு தவறல் வருவதும், பிறகு தவறியதைப் பிடித்துவிட ஓடுவதைப் போலத் தடதடவென்று அடிப்பதும் இருக்கிறது. சீரகத் தண்ணீர் குடித்தாள். இரவில் பருப்பை விட்டாள். வெற்றிலையில் ஓமம் வைத்து மென்றாள். போன வாரம் கோலம் போட்டு நிமிர்ந்தபோது தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்துபோன பால்காரரிடம் சிரித்தாள். கல்லூரியில் விலங்கியல் படித்தவளுக்கு இது வாயு இல்லை என்று தெரியாதா? செய்முறை வகுப்பில் தவளையைப் பிளந்து, கத்தரிக்கோலால் நுணுக்கமாக வெட்டி, நெஞ்சை மட்டும் தனியே எடுத்து உப்புநீர் ஊற்றிய சின்னக் கண்ணாடித் தட்டில் இட்டார்கள். தவளை ஒருபுறம் ஊசி குத்திக் கிடக்க, நெஞ்சு மறுபுறம் யாருக்கென்று தெரியாமல் துடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் கூட்டமாகக் குனிந்து பார்த்தார்கள். மணி அடித்ததும் பேராசிரியை கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார், மற்றவர்களும் போய்விட்டார்கள், மனோன்மணி மட்டும், எடுத்துவைக்க வேண்டியவள் என்பதால், அது நிற்கும்வரை காத்திருந்தாள். சட்டென்று நிற்கவில்லை. முதலில் ஒழுங்கு போனது. இரண்டு துடிப்பு, ஒரு இடைவெளி. மூன்று அவசரமாக, பிறகு நீண்ட இடைவெளி. நின்றுவிட்டது என்று தட்டை எடுக்கக் கை நீட்டியபோது மறுபடி ஒன்று. அந்தத் தட்டுக்கு அங்கே வாட்ச் கிளாஸ் என்று பெயர். அந்தப் பெயர் ஏன் இப்போது நினைவுக்கு வர வேண்டும்? கையைத் திருப்பாமலே வைத்துக்கொண்டாள். திருப்பினால் விழிக்கும். விழித்தால் பார்க்க வேண்டும்.

உடன்பிறந்த சுந்தரி அக்காவுக்கு இப்படிக் கண்ணாடிக்குள் பார்க்கவெல்லாம் எதுவும் இருக்கவில்லை. குளித்தலையில் அக்கா வாழ்ந்த வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி, தானும் இரண்டு கவளம் அள்ளிப்போட்டுக்கொண்டு, பாத்திரம் ஒழித்து, அடுக்களைக்கு அடுத்த சின்ன அறையில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை. கூடத்தில் அத்தானும் அவருடைய தம்பியும் சீட்டு ஆடினார்கள். பேத்தி அந்த அறைக்குள்ளேயே போய்ப் பொம்மையை எடுத்துவந்தாள். வேலைக்கு வருகிற பெண் வாசலில் நின்று, அம்மா தூங்குறாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நாலு மணிக்குக் காப்பி வரவில்லை. அத்தான் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டார், இந்த முறை கோபமாக. அப்புறம்தான் எழுந்து போய்ப் பார்த்தார்கள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது, உயிர் எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் அதையே சொன்னார், ஒரு வார்த்தை மாறாமல். "நாலு மணி ஆச்சு, காப்பி வரல. அப்பவே எனக்குச் சொரேல்னுச்சு." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். மனோன்மணியும் ஆட்டினாள். அந்த வீட்டில் காப்பிதான் அக்காவின் நாடி. அது வந்துகொண்டிருந்தவரை யாரும் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சொல்லிவிடலாம். கைப்பேசியைத் திருப்பி, யாமினி, அது அப்பா இல்லை, நான்தான் என்று சொல்லிவிடலாம். நான்தான் என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு அடுத்த சொல் யாமினியுடையது. அது என்ன என்பதை இவள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். அப்ப அப்பா கட்டிக்கவே இல்லயா? முதலில் அதுதான் வரும், நெஞ்சைப் பற்றிய கேள்விக்கும் முன்னால். அதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஆறு வருஷப் பட்டினி. நல்லாத்தான் இருக்கு என்று அவர் சொன்னதும் பொய்யாகிவிடும். அந்தப் பொய்யைச் சொல்ல அவர் எத்தனை தூரம் இறங்கிவந்தார் என்பதை யாமினி பார்க்கவில்லை, கிணற்றடி அவளுக்குத் தெரியாது. அவரோ அம்பலப்பட்டுப்போன கோபத்தில் மறுபடி வாயைத் தைத்துக்கொள்வார். ஏழாம் மாதம் வளைகாப்பு, அதற்கென்று வாங்கிவைத்த பச்சைப் பட்டு, மேல்அலமாரியிலிருந்து இறக்கிக் கழுவிய யாமினியின் பழைய தொட்டில் கம்பு, எல்லாவற்றின்மேலும் அந்த வாய் மூடிக்கொள்ளும். சரி, அது போகட்டும். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் பெற்ற தாய்க்கென்று அந்தப் பெண் எழுந்து வந்தால்? வருவாள். எழுந்து நிற்பாள், பெட்டியை இழுப்பாள், படியில் இறங்குவாள். நஞ்சு ஒரு விரல் விலகினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாவாடையில் ரத்தத்தோடு விமான நிலையத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதை மனோன்மணி கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தாள். மேசையின் விளிம்பை இறுகப் பிடித்தாள். கடிகாரம் அதிர்ந்தது. யாரோ விரலால் தட்டி, இரு, இரு என்பதைப் போல. மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொன்னது. இழுத்து விட்டாள். நானே சத்தமில்லாமல் டாக்டரிடம் போய்வந்தால்? தனியாக ஏன் வந்தீர்கள், வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள் என்பார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதுவார்கள், படுக்கவைப்பார்கள். பிள்ளைபெற வருகிறவளுக்குப் பத்தியச் சாப்பாடு யார் சமைப்பது? குழந்தையை யார் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது? பிரசவம் முடியட்டும். அந்த வாக்கியம் எவ்வளவு பழகிய செருப்பைப் போலக் காலில் ஏறிக்கொண்டது! யாமினியின் பரீட்சை முடியட்டும் என்று கர்ப்பப்பை வலியை இரண்டு வருஷம் வைத்திருந்தாள். அவர் ஓய்வுபெறட்டும் என்று பல்லை வைத்திருந்து கடைசியில் பிடுங்கிக்கொண்டாள். அவருடைய ஸ்டென்ட் ஆறட்டும் என்றுதான் கார்த்திகையில் ஆரம்பித்த இதையும் வைத்திருக்கிறாள். முடியட்டும், முடியட்டும் என்று எல்லாம் முடிந்துகொண்டுதான் இருக்கிறது. கிரைண்டர் நின்றது. வீடு திடீரென்று அமைதியானது. இப்போது அதிர்வது எது என்பதில் குழப்பம் இல்லை.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். நாலு மணி அடிக்கவில்லை, ஆனால் அவர் உறக்கம் மேலே வரத் தொடங்கியிருந்தது, குறட்டை நின்றிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பட்டையைத் தளர்த்தினாள். அடியில் பச்சை ஒளி அவளைத் தேடியது. தேடட்டும் என்று ஒரு நொடி காற்றில் பிடித்திருந்தாள். யாரும் பார்த்துக்கொண்டிராத அந்த நொடியில் நெஞ்சு மறுபடி இல்லாத படியில் கால் வைத்தது. பிறகு அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு துளை தள்ளிப் பட்டையை மாட்டினாள். ஒளி அவர் தோலைக் கண்டுகொண்டு நிலைத்தது. வலது கையின் ஆள்காட்டி விரலைப் பித்தானுக்குக் கொண்டுபோனபோது அவர் கண்ணைத் திறந்தார். "என்ன பண்ற?" "யாமினி கேக்குறா. உங்க துடிப்பு சரியில்லன்னு இதுல வந்திருக்காம். ராத்திரியே கெளம்பி வரேங்கிறா." எழுந்து உட்கார்ந்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு அவளுடைய வெறும் மணிக்கட்டை, பிறகு அவள் முகத்தை. "என் துடிப்பா? இது உன் கையில இல்ல இருந்துச்சு?" பாலங்களின் தாங்குதிறனைக் கணக்கிட்ட மனிதர், அந்தக் கேள்விக்கு அடுத்த கேள்வி எது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. மனோன்மணி காத்திருந்தாள். அது வந்துவிட்டால் ஆம் என்று சொல்லிவிடுவாள். அதுவரை கட்டிவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் சரிந்தால் சரியட்டும். அவர் கண்ணில் ஏதோ அசைந்தது. பயமாக இருக்கலாம். அது நிலைப்பதற்குள் இவளுடைய வாயே முந்திக்கொண்டது. "சமையக்கட்டுல கையை ஆட்டிக்கிட்டே இருக்கேன்ல, கணக்குத் தப்பியிருக்கும்." "அதான பாத்தேன்" என்றார் அவர் உடனே, சுமையை இறக்கிவைத்தவர் விடுகிற மூச்சோடு. "மெஷின்தானே. அதுக்குப் போயி இந்த நெலமையில கெளம்பறேங்கிறாளா? பைத்தியக்காரி."

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க உட்காருகிறவரைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, பித்தானில் விரலை வைத்து, அரை நிமிஷம் இமைகூட அதிகம் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார் தணிகாசலம். கண்ணாடியில் கோடு ஓடியது. ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு சின்ன மேடு. மறுபடி அதே மேடு, அதே பள்ளம். பிசகே இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கைப்பேசி அடித்தது, அவரே எடுத்தார். "அப்பா!" "ம், நான்தான். கையை எடுத்துடலாமா?" "எடுத்துடுங்கப்பா. எல்லாம் நல்லா இருக்கு. உயிரே போயிடுச்சுப்பா எனக்கு." "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எந்திரிக்காமக் கெட. ஏழாம் மாசம் நானே வந்து அழைச்சிட்டு வரேன், தெரியுதா?" மறுமுனையில் விம்மல் கேட்டது. அவர் கைப்பேசியை மனைவியிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ சொன்னது சரிதாம்மா" என்றாள் யாமினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி இருந்த. நான்தான் ஊரைக் கூட்டிட்டேன்." "தூங்குடி கண்ணு" என்றாள் மனோன்மணி. வைத்துவிட்டு, கழற்றுவதற்காக அவருடைய கையைத் தொட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "புள்ள பாத்துக்கிட்டே இருப்பா. இனிமே நானே கட்டிக்கிறேன்."

அடுக்களைக்குப் போகும் வழியில் கண்ணாடி அலமாரியைத் திறந்து கிண்ணத்திலிருந்து வளையலை எடுத்தாள். இரண்டு வாரத்தில் கை பருத்துவிடுமா என்ன, விரல்முட்டியைத் தாண்ட மறுத்தது. சோப்புத் தண்ணீரில் நனைத்து ஏற்ற வேண்டியிருந்தது. ஏறியதும், பட்டை பதித்துவிட்டுப் போயிருந்த ஈரத் தடத்தின்மேல் சரிந்து உட்கார்ந்தது. பாலை அடுப்பில் ஏற்றினாள். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி, டிகாக்ஷன் இறங்கக் காத்து, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொட்டுகள் கீழ்ப்பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது. இரண்டு சொட்டு, ஒரு இடைவெளி. மூன்று அவசரமாக. பிறகு ஒன்றும் இல்லை. மேல்மூடியைத் தட்டிவிடலாமா என்று கை நீட்டியபோது மறுபடி ஒன்று. எது உள்ளே, எது வெளியே என்று பிரித்தறிய அவள் முயலவில்லை. பால் பொங்கி வந்ததை இறக்கினாள். சர்க்கரை அவருக்குக் கிடையாது. டம்ளர் கையில் லேசாகத் தளும்பியது. டபராவில் சிந்தியதைத் திரும்ப டம்ளரில் ஊற்றி, விளிம்பைத் துணியால் துடைத்து, கூடத்துக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமல், கடிகாரம் கட்டிய கையை நீட்டி எடுத்துக்கொண்டார். நாலு மணிக்குக் காப்பி வந்துவிட்டது. அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை.